கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவள்

தோட்டத் தோழர்களே, 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. 1947-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை போலீசோடு மோத நேர்ந்ததும் கள்ளை எதிர்த்துத்தான். அன்றுமுதல் நம் கணக்கில் குடிப்பவன் ஆண். அடி வாங்குகிறவள் பெண். பெண்ணும் குடிக்கிறாள் என்பதை நாம் பேசியதே இல்லை.

ஆண் கடை வாசலில் விழுந்து கிடப்பான், பிரட்டுக்கு வரமாட்டான், கிராணி பேர் எழுதுவார், சங்கத்துக்குத் தகவல் வந்துவிடும். பெண் அப்படியல்ல. பிள்ளைகளைத் தூங்கவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, உடம்பு வலிக்கு என்று ஒரு மூடி சம்சுவில் தொடங்குவாள். விடிந்தால் உதிரிப் பழம் பொறுக்க வந்து நிற்பாள். யாருக்குத் தெரியும்?

உடம்புக்குத் தெரியும். ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் போதை கூடுதலாக ஏறுகிறது. அவள் உடம்பில் நீர் குறைவு. சாராயத்தை வயிற்றிலேயே முறிக்கும் சுரப்பும் குறைவு என்கிறார்கள் டாக்டர்கள். ஆணைவிடக் குறைந்த வருடங்களில் ஈரல் கெடுகிறது.

எங்கள் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஓர் அண்ணனை வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தார்கள். நாங்கள் நாலு பேர் போய்ப் பேசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மனைவி சோறு கொண்டுபோனார். இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். அதே லயத்தில் ஓர் அக்காள். புருஷன் கோயிலில் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார். நெடுநாள் குடித்த உடம்பு; திடீரென்று நிறுத்தியதும் இழுப்பு வந்துவிட்டது. “ஆஸ்பத்திரியில படுத்தா பிள்ளைங்கள யாரு பார்ப்பா?” என்று கேட்டார். ‘இது குடும்ப விஷயம்’ என்று ஒதுங்கியது வேறு யாருமல்ல, நாங்கள்தான்.

சிகிச்சைக்குள் வந்துவிட்டால் பெண்கள் ஆண்களைப் போலவே தேறுகிறார்கள். வந்து சேர்வதுதான் பாடு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் அது சாதாரண நோய் விடுப்பில் கழியாது. இதை வாங்கித் தர நமக்கு மனு எழுதத் தெரியும். பிள்ளைகளை வைத்துக்கொள்ள லயத்தில் இரண்டு வீடு பார்க்க வேண்டும். அதை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் கிளைச் செயலவையிடம் எந்த அக்காள் வந்து கேட்பார்? அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பெண்களையாவது அழைத்து வாருங்கள்.