எறும்புக்கு மருந்து போடுறதை நிறுத்துங்க, சர்க்கரையை நிறுத்துங்க

போன மாசம் எங்க வீட்டுல ரெண்டு கோழி செத்துப்போச்சு. நோயும் இல்லை, கீரி கடிச்சதும் இல்லை. நான்தான் காரணம்.

அடுப்படியில் எறும்புத் தொல்லை தாங்கலைன்னு வீட்டுக்காரம்மா ரெண்டு நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் டவுனுக்குப் போனப்ப ஒரு கடையில் பொட்டலம் வாங்கிட்டு வந்தேன். பேர் இல்லை, சீட்டு இல்லை, எத்தனை நாளைக்கு நல்லதுன்னு ஒரு எழுத்து இல்லை. "சும்மா தூவுங்கண்ணே, ஒண்ணுகூட மிஞ்சாது"ன்னு சொன்னாரு கடைக்காரர். தூவினேன். மறுநாள் காலையில் அரைச் சிரட்டை எறும்பு செத்துக் கிடந்தது. கூட்டி அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டினோம். கோழி கிளறித் தின்னுச்சு. சாயங்காலம் தலை தொங்கிருச்சு. நாலாம் நாள் பார்த்தா, எறும்பு மட்டும் பழையபடி அதே சுவரில் வரிசை கட்டிப் போகுது!

அன்னையிலிருந்து ஒரு விஷயத்தை எழுதணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. நாம இதை "மருந்து"ன்னு சொல்றோமே, அந்தப் பேச்சிலேயே கோளாறு இருக்கு. மருந்து உயிரைக் காப்பாத்துறது. நாம வாங்குறது விஷம். அதைச் சோறு ஆக்குற இடத்தில், பிள்ளை தவழுற தரையில் தூவிட்டு, "மருந்து போட்டாச்சு"ன்னு கையைத் தட்டிக்கிட்டு நிம்மதியாத் தூங்குறோம்.

நம்ம நத்தம் பக்கத்துக்காரங்களுக்கு எறும்புன்னா ஒரு பயம் வந்துருச்சு. அது எப்ப வந்ததுன்னும் தெரியும். 2022 ஆகஸ்டு மாசம். கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் எறும்பு படையெடுத்ததுன்னு உலகம் பூராச் செய்தி போனதே, அப்ப. மலையில் ஆடு மாடு மேய்க்கப் போனவங்க நிக்க முடியாமத் திரும்பி வந்தாங்க. ஆடு மாட்டுக் கண்ணில் ஏறுது, பாம்பு முயல்கூடச் சாகுதுன்னு சனங்க சொன்னாங்க. கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க, "பைத்தியக்கார எறும்பு"ன்னு தலைப்புப் போட்டாங்க, போயிட்டாங்க. பயத்தை மட்டும் நம்மகிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க. அது என்ன எறும்பு, ஏன் பெருகுதுன்னு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தைப் பொட்டலம் விக்கிறவங்க பிடிச்சுக்கிட்டாங்க.

அதனால நானே தெரிஞ்ச வரைக்கும் சொல்லிடறேன். அந்த எறும்புக்கு அறிவியல் பேர் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். மஞ்சள் நிறம், நாலஞ்சு மில்லிமீட்டர் நீளம், உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளக் காலு, நீள மீசை. தொந்தரவு பண்ணினா வரிசை கலைஞ்சு தாறுமாறா ஓடும். பைத்தியக்கார எறும்புங்கற பேரு அதனால்தான். கடிக்காது, கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சி அடிக்கும். ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும். உலகத்திலேயே மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இதுவும் ஒண்ணு.

ஆக, பயப்பட வேண்டிய எறும்பு ஒண்ணு இருக்கு. அதுக்காகப் பிள்ளையார் எறும்பு, கட்டெறும்பு, சுள்ளெறும்புன்னு கண்ணில் பட்டதையெல்லாம் கொல்றோமே, இது என்ன நியாயம்? நியாயத்தை விடுங்க, இதில் என்ன லாபம்?

நாம பார்க்கிற எறும்பு வரிசை கூலிக்கு வந்த ஆளுங்க மாதிரி. முட்டை போடுற ராணி உள்ளே இருக்கு. வரிசையில் போற ஆயிரத்தைக் கொன்னாலும் ராணிக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த ஆயிரத்தைப் பெத்து அனுப்பும். சுவிட்சு போர்டுக்குள்ளே, சுவர் வெடிப்புக்குள்ளே கூடு வைக்கிற சின்ன மஞ்சள் எறும்பு ஒரு வகை இருக்கு. பாரோ எறும்புன்னு சொல்லுவாங்க. அதுமேல ஸ்ப்ரே அடிச்சா இன்னும் மோசம். மிரண்டுபோய் ஒரு கூடு ரெண்டு மூணாப் பிரிஞ்சு வேற வேற சுவரில் குடியேறும். காசு கொடுத்து எறும்பு வளர்த்த கதைதான்.

இன்னொண்ணும் யோசிங்க. நம்ம ஊர் எறும்பு இருக்கிற இடத்தில் வெளியூர் எறும்பு நுழையணும்னா சண்டை போட்டுத்தான் நுழையணும். நாமளே விஷம் போட்டு நம்ம எறும்பைக் காலி பண்ணிட்டா, அந்த மஞ்சள் எறும்புக்குப் பாய் விரிச்சு வச்ச மாதிரிதானே?

"அப்ப எறும்புக்கு மாலை போட்டுக் கூப்பிடச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. இல்லைங்க. எறும்பு வீட்டுக்கு வரக்கூடாது, நானும் அதைத்தான் சொல்றேன். ஆனா எறும்பைத் துரத்தி அடிக்கிறதை விட்டுட்டு, அது எதுக்கு வருதோ அதை நிறுத்தணும்.

இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுன்னு ஒண்ணு இருக்கு. செந்நண்டுக்குப் பேர் போன ஊரு. கரந்தமலையில் பார்த்த இதே மஞ்சள் எறும்பு அங்கே கோடிக்கணக்கான நண்டைக் கொன்னுச்சு. 2002இல் ஹெலிகாப்டரில் பறந்து விஷத் தீனி போட்டாங்க. கொஞ்ச நாள் குறைஞ்சது, திரும்ப வந்தது. 2009இல் மறுபடி போட்டாங்க. அப்புறம்தான் அடிப்படைக்கு வந்தாங்க: இவ்வளவு எறும்புக்குச் சாப்பாடு எங்கேயிருந்து வருது? மரத்தில் ஒட்டிக்கிட்டுச் சாறு உறிஞ்சுற அரக்குச் செதில்பூச்சி கழிக்கிற தேன் மாதிரியான இனிப்புத் திரவம்தான் சாப்பாடு. 2016 டிசம்பரில் அந்தப் பூச்சியை அழிக்கிற, கொசுவைவிடச் சின்னக் குளவி ஒண்ணை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டாங்க. அது எறும்பைத் தொடவே தொடாது. அதோட சர்க்கரையை நிறுத்தும்.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? பப்பாளி மாவுப்பூச்சி 2008 வாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்தையும் வெள்ளை வெள்ளையா அப்புனதை நாம மறந்துட்டோமா? எத்தனை டேங்க் அடிச்சோம்! அடங்குச்சா? 2010இல் அசெரோஃபேகஸ் பப்பாயேங்கற சின்னக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்குச்சு. கண்ணால் பார்த்த பாடம் இது.

இப்ப உங்க வீட்டைச் சுத்தி ஒரு நடை நடந்து பாருங்க. செம்பருத்தி, கொய்யா, மாமரத்து இலைக்கு அடியில் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும். நாம மாடு மேய்க்கிற மாதிரி எறும்பு அதை மேய்க்கும், எதிரி வந்தா விரட்டும். அந்தக் கொய்யாக் கிளை உங்க ஓட்டு மேலயோ மொட்டை மாடி மேலயோ சாஞ்சிருந்தா, எறும்புக்கு அதுதான் பாலம். எங்க வீட்டில் அப்படித்தான் இருந்துச்சு. அடுப்படியில் விஷம் போட்ட மடையன், மேல நிமிர்ந்து பார்க்கலை.

நான் இப்ப செய்யறதைச் சொல்றேன். வீட்டில் உரசுற கிளையெல்லாம் ரெண்டு மூணு அடி தள்ளி வெட்டியாச்சு. மாவுப்பூச்சி பிடிச்ச நுனியைக் கிள்ளி எரிச்சாச்சு. மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து அடிக்கிறேன். எறும்பு போன தடத்தைச் சோப்புத் தண்ணியால் துடைச்சுவிடணும். அது வாசனை பிடிச்சுத்தான் வரிசை போகுது, வாசனை போனா வழி தெரியாமத் தடுமாறும். வெடிப்பைச் சிமெண்டு வச்சு அடைக்கணும். சீனி டப்பாவை அப்பத்தா மாதிரித் தட்டில் தண்ணி ஊத்தி நடுவுல வைங்க. ராத்திரி எச்சிப் பாத்திரம் கிடக்கக்கூடாது.

இத்தனைக்கும் மேல வந்தா, 100 மில்லி தண்ணியில் 10 கிராம் சீனி, 1 கிராம் போரிக் பவுடர் கரைச்சு, மூடியில் பஞ்சு நனைச்சு, பிள்ளைங்களுக்கும் கோழி நாய்க்கும் எட்டாத இடத்தில் வைங்க. இதுவும் விஷம்தான், மறைக்கலை. ஆனா மெதுவா வேலை செய்யறதால எறும்பு தின்னுட்டு உடனே சாகாமக் கூட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கும் ஊட்டும். "அதிகம் போட்டா சீக்கிரம் போயிரும்"னு அளவைக் கூட்டாதீங்க. கூட்டினா வழியிலேயே செத்துரும், ராணி தப்பிச்சுக்கும். ஒரு வாரம், ரெண்டு வாரம் பொறுமை வேணும்.

மாந்தோப்புக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. முசுறு கூட்டை நெருப்பு வச்சுக் கொளுத்துறதை விடுங்க. காய் பறிக்கிறப்பக் கடிக்கும், அதுவும் மாவுப்பூச்சியை அண்டவிடும், இல்லைன்னு சொல்லலை. ஆனா புழுவையும் வண்டையும் பிடிச்சுத் தின்னு காயைக் காக்கிறதும் அதுதான். சீனாவில் 1,700 வருசத்துக்கு முன்னாடியே முசுறுக் கூட்டைக் காசு கொடுத்து வாங்கி ஆரஞ்சு மரத்தில் கட்டியிருக்காங்க. நாம சும்மா கிடைக்கிறதைக் கொளுத்துறோம்.

கடைசியா ஒண்ணு. அந்த மஞ்சள் எறும்பு தானா நடந்து வந்ததைவிட, மனுசன் வண்டியில் ஏறி வந்ததுதான் அதிகம். அது இருக்கிற இடத்திலிருந்து விறகு, வைக்கோல், மண்ணு, நாத்துப் பை எதையும் பார்க்காம ஏத்தாதீங்க. நீளக் காலு மஞ்சள் எறும்பு கூட்டம் கூட்டமாத் தெரிஞ்சா வேளாண்மை ஆபீசுலயோ வனத்துறையிலயோ சொல்லுங்க. நீங்களா பொட்டலம் வாங்கிக் கொட்டாதீங்க.

வாசலில் அரிசி மாவில் கோலம் போட்டு, எறும்பு தின்னுட்டுப் போகட்டும்னு விட்ட வீடுங்க நம்ம வீடுங்க. வாசலில் அதுக்குச் சாப்பாடு, அடுப்படியில் சீனி டப்பாவுக்குத் தண்ணிக் காவல்னு எல்லை பிரிச்சு வச்சிருந்தாங்க. நாம அந்த எல்லையையும் அழிச்சுட்டு, விஷத்தை வீட்டுக்குள்ளே கொண்டுவந்துட்டோம். எனக்கு ரெண்டு கோழியோட போச்சு. தவழுற பிள்ளை இருக்கிற வீடு யோசிக்கட்டும்.