மொய் நோட்டைப் போலப் படத்துக்கும் கணக்கு வேண்டும்

பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் இப்போது புதிதாக ஓர் அட்டை இடம் பிடித்து வருகிறது. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு. அவற்றின் பக்கத்தில் கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட கியூ.ஆர். அட்டை. ‘நீங்கள் எடுத்த படங்களை எங்களுக்கும் அனுப்புங்கள்’ என்று அதன் கீழே ஒரு வரி. செல்போனை அதன்மேல் காட்டினால் ஒரு பக்கம் திறக்கிறது. படத்தையும் வீடியோவையும் அதில் சேர்த்துவிட்டு விருந்தாளி பந்திக்குப் போய்விடலாம்.

வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் மொய் வாங்கும் மேஜைக்கு இருக்கிற கட்டுப்பாட்டில் கால்வாசிகூட இந்த அட்டைக்கு இல்லை. அதைப்பற்றித்தான் கல்யாண வீட்டார் யோசிக்க வேண்டும்.

பயன் யாருக்கு?

முன்பெல்லாம் ஸ்டுடியோக்காரர் ஒருவர் வருவார். ஒரு பிலிம் சுருளில் 36 படம். மணவறை, தாலி கட்டு, இரு வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக நிற்பது, இவ்வளவோடு முடிந்துவிடும். சமையல் கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த அத்தையும், விடியற்காலை ரயிலில் வந்து இறங்கிய சித்தப்பாவும் ஆல்பத்தில் இருக்க மாட்டார்கள். இன்று அவர்களையும் யாராவது ஒருவர் போனில் பிடித்திருக்கிறார். அந்தப் படம் எடுத்தவர் போனிலேயே தங்கிவிடாமல் கல்யாண வீட்டுக்கு வந்து சேர இந்த அட்டை உதவுகிறது.

வெளிமாநிலத் தமிழர்களுக்கு இதன் அருமை இன்னும் அதிகம். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. அதன்பின் ஒரே லைனில் குடியிருந்த குடும்பங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சிதறின. மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். இந்தக் குடும்பங்கள் எல்லாம் ஒன்றுகூடுவது கல்யாணத்தில், விட்டால் சாவில். அந்த ஒரு நாளின் படங்கள் ஓரிடத்தில் சேருவது சாதாரண விஷயமல்ல. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறைகிறது. இந்த முறையில் பெரும்பாலும் எடுத்தபடியே வந்து சேர்கிறது.

அட்டைக்குள் என்ன இருக்கிறது?

கியூ.ஆர். குறியீடு 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது. மோட்டார் வாகன உதிரிபாகங்களைக் கணக்கெடுக்கத்தான் அது பிறந்தது. காப்புரிமை இருந்தும் அதைக் காட்டி யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று நிறுவனம் விட்டுக்கொடுத்ததால் உலகம் முழுவதும் பரவியது. இன்று காய்கறி வண்டியில்கூட அது தொங்குகிறது.

கல்யாண அட்டையில் உள்ள கட்டங்களுக்குள் படம் எதுவும் இல்லை. ஒரு முகவரி மட்டுமே இருக்கிறது. படங்கள் போய்ச் சேருவது எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில். அந்த முகவரி யாருடையது என்று வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடைகளில் ஒட்டியிருக்கும் அட்டையின் மேல் வேறு அட்டையை ஒட்டிப் பணத்தைத் திருப்பிய மோசடிகள் நடந்திருக்கின்றன. மண்டபத்திலும் அது நடக்கலாம். படம் அனுப்ப வங்கி விவரமோ யு.பி.ஐ. பின் எண்ணோ தேவையே இல்லை. அப்படி ஒரு பக்கம் கேட்டால் உடனே மூடிவிட வேண்டும்.

சல்லடை எங்கே?

பழைய ஆல்பத்துக்கு ஒரு சல்லடை இருந்தது. ஸ்டுடியோக்காரர் கொடுத்த பிரிண்டுகளை வீட்டுப் பெரியவர்கள் பார்த்து, வேண்டாததை எடுத்துவிட்டுத்தான் ஒட்டச் சொல்வார்கள். இன்று மணப்பெண் அறையில் புடவை மாற்றும் நேரத்தில் எடுத்தது, வயசுப் பெண்கள் ஆடியது, குழந்தை அழுதது, மாமா தள்ளாடியது எல்லாமே ஒரே பெட்டியில் விழுகின்றன. முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாம் என்று அந்தப் பெட்டியை அமைத்துவிட்டால், வாசலில் இருந்த அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போன அந்நியரும் எல்லாவற்றையும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம்.

செல்பி ஒன்றை அனுப்பினால் ஆயிரம் படங்களில் உங்கள் முகம் உள்ளவற்றை மட்டும் பிரித்துத் தரும் சேவைகளும் வந்துவிட்டன. வசதிதான். ஆனால் ரகசிய எண் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் வழியில்லை. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சேவை நடத்தும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தன. தனிமனிதர் தம் வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதோ அந்தச் சட்டத்தின் வரம்பிலேயே வராது. ஆகவே கல்யாண வீட்டாரின் பொறுப்பு அவர்கள் மனச்சாட்சியைச் சேர்ந்தது.

‘எல்லாரும் ஸ்டேட்டஸில் போடத்தானே செய்கிறார்கள், இதற்கு மட்டும் என்ன?’ என்று கேட்கலாம். ஒருவர் தாம் எடுத்த நாலு படத்தைப் போட்டால் அது அவர் பொறுப்பு. நானூறு பேரிடம் கேட்டு வாங்கி ஓரிடத்தில் குவிக்கிறவருக்கு அதைக் காக்கும் கடமை வந்துவிடுகிறது. மொய்ப் பணத்தை யாரும் திறந்த அண்டாவில் போட்டு வைப்பதில்லை. நம்பிக்கையான ஆள் உட்காருகிறார், பெயரும் தொகையும் எழுதுகிறார், இரண்டு பேர் எண்ணிப் பார்க்கிறார்கள். நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

செய்ய வேண்டியது

படமும் அப்படிப்பட்ட கடன்தான். முதலாவதாக, குடும்பத்தில் விவரமான ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, அவர் பெயரை அட்டையிலேயே அச்சிடலாம். முகூர்த்தத்துக்கு முன் அவர் ஒருமுறை தம் போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, அனுப்புவது எல்லாருக்கும், பார்ப்பது பொறுப்பாளருக்கு மட்டும் என்று முதலில் அமைக்க வேண்டும். பெரிய பெண்மணி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு வடிகட்டிய பிறகே மற்றவர்களுக்குத் திறக்கலாம். ‘என் பெண் படத்தை எடுத்துவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, எவ்வளவு நாள் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது மெயிலுக்கும் சேர்த்து 15 ஜி.பி. இடம். ஒரு நிமிட வீடியோ 100 எம்.பி. என்று வைத்தால் 150 நிமிடத்தில் நிரம்பிவிடும். சில சேவைகள் கெடு முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடும். மாதம் முடிவதற்குள் தனி ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைப்பதே பத்திரம்.

கடைசியாக, வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். படம் கொடுத்தவருக்கு இணைப்பு போகட்டும். பட்டன் போன் மட்டுமே வைத்திருக்கும் பாட்டிக்கும், சமையலுக்கு வந்தவருக்கும், பரிமாறிய பையனுக்கும் அவரவர் இருக்கும் படத்தில் ஒரு பிரிண்ட் போகட்டும். கல்யாணச் செலவில் அது ஒரு பந்தியின் இனிப்புச் செலவுகூட ஆகாது.

மண்டப உரிமையாளர்களும் ஸ்டுடியோக்காரர்களும் தமிழ்ச் சங்கங்களும் இந்த நாலு வழக்கத்தையும் எடுத்துச் சொன்னால் ஒரே கல்யாண சீசனில் ஊன்றிவிடும். மொய் நோட்டைப் பீரோவில் பூட்டி வைக்கிற வீடுகள், விருந்தாளிகள் நம்பித் தந்த முகங்களையும் அதே பூட்டுக்குள் வைக்கட்டும்.