காசில் எழுத்து ரெண்டா தெரியுதா? உடனே லட்சக் கணக்கு போடாதீங்க!

பழைய அமெரிக்க ஒரு சென்ட் காசு. லென்ஸ் வெச்சுப் பார்த்தா ஆண்டு எண்கள் ரெண்டு ரெண்டா தெரியுது. அவ்வளவுதான், 'அபூர்வ டபுள்டு டை' என்ற பெயரில் ஆன்லைன் விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஆனால் இப்படி வருபவற்றில் பெரும்பாலானவை வெறும் மெஷின் டபுளிங். சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை தருவதில்லை.

ரெண்டும் ஒண்ணுதானே என்றால், இல்லை. காசை அடிக்கும் அச்சு, டை. அந்த டையை உருவாக்குவது ஹப் என்ற இன்னொரு எஃகு அச்சு. முன்பெல்லாம் உருவம் நன்றாகப் பதிய, ஹப்பை டை மீது ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவார்கள். அடுத்த அழுத்தம் கொஞ்சம் விலகினாலும் டையிலேயே எழுத்து இரட்டையாகிவிடும். பிறகு அந்த டை அடிக்கும் எல்லாக் காசிலும் அதே இரட்டைதான். 1955-ல் பிலடெல்பியாவில் இப்படி அடிபட்ட லிங்கன் சென்ட்கள் 20,000-க்கு மேல் புழக்கத்துக்கே போய்விட்டன. அதில் லென்ஸே தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரியும்.

மெஷின் டபுளிங்கில் டை மேல் தப்பில்லை. பிரஸ்ஸில் அது லூஸாக இருந்து, அடித்த நொடியில் லேசாக நகர்ந்து, அப்போதுதான் பதிந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கித் தள்ளிவிடுகிறது. அதனால் எழுத்து மெலியும்; பக்கத்தில் தட்டையாக, படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு நிற்கும். அசல் டபுள்டு டையிலோ எழுத்து தடிக்கும், இரண்டு உருவமும் மேடாக இருக்கும், முனைகள் பிளந்து தெரியும்.

அதிகம் பேர் ஏமாறுவது 1969-ம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ சென்டில்தான். அசல் டபுள்டு டை ஒன்று ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது. ஆசை வராமல் இருக்குமா? ஆனால் அதே ஆண்டுக் காசுகளில் மெஷின் டபுளிங் சர்வசாதாரணம். பிடிக்க ஈஸியான வழி, ஆண்டுக்குக் கீழே உள்ள 'எஸ்' எழுத்து. அந்தக் காலத்தில் அதை, ஹப் வேலை முடிந்தபின் ஒவ்வொரு டையிலும் கையால் தனியாக அடித்தார்கள். ஆகவே ஆண்டோடு சேர்ந்து 'எஸ்'ஸும் அதே பக்கமாக இரட்டித்திருந்தால் அது மெஷின் டபுளிங்தான்.

இந்த 'எஸ்' பகுதியின் குளோஸ்அப் போட்டோவைக்கூடப் போடாமல் பெரிய விலை சொல்லும் விற்பனையாளரை நம்ப ஒரு காரணமும் இல்லை. 'ரெண்டா தெரியுதுல்ல' என்பது பதில் ஆகாது.

ஒரு விஷயம், 1990 முதல் சென்ட்களில் இந்தச் சோதனை செல்லாது. அப்போதிருந்து ஊர் எழுத்தும் மூல வடிவத்திலேயே சேர்ந்துவிட்டது. அங்கே எழுத்து முனைகளைத்தான் பார்க்கணும்.