பந்து உதைக்கக் கட்டணமா?

கதிர்காமம், லாஸ்பேட்டை, தட்டாஞ்சாவடிப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து சமீப காலமாக ஒரு கேள்வி நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. பையன் நன்றாகப் பந்து உதைக்கிறான். அகாடமியில் சேர்த்தால் பெரிய ஆட்டக்காரனாகி விடுவான் என்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். பூட்ஸ், சட்டை அவர்கள் சொல்லும் தினுசில் வாங்க வேண்டும். வெளியூர்ப் பந்தயத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கட்டலாமா, வேண்டாமா என்பதே கேள்வி.

விளையாட்டுச் சமாசாரம்தானே என்று தள்ளிவிடக் கூடியதல்ல இது. கூலிக்காரன் வீட்டில் ஒரு பிள்ளையின் பேரில் செலவிடும் பணம் இன்னொரு பிள்ளையின் படிப்பிலிருந்தோ, வீட்டுக்காரியின் தாலிக்கொடியிலிருந்தோதான் வருகிறது. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

மாதம் 1,500 ரூபாய் கேட்கும் அகாடமி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 18,000. பூட்ஸ், சட்டை, பஸ் சத்தம், பந்தயக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 7,200 என்று சிக்கனமாகவே போடுவோம். ஆக 25,200 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு மத்திய சர்க்கார் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: சரியாக 75 நாள் கூலி! நூறு நாளும் வேலை கொடுத்தால் அதில் முக்கால் பங்கு பந்துக்குப் போயிற்று. மீதி 25 நாள் கூலியில் சோறு. நூறு நாள் முழுசாக யாருக்குக் கிடைத்தது என்பது வேறு கதை. ரோடியர் மில் என்று நாம் அழைத்துவந்த ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்ட பிறகு வேலையிழந்தவன் வீட்டுக் கணக்கு எப்படியிருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு கொடுத்து என்ன வாங்குகிறோம்? விளம்பரத் தட்டியில் இருப்பதைப் படித்தால் இரண்டு பண்டங்கள் தெரிகின்றன. ஒன்று, பெரிய கிளப்பில் சம்பளத்துக்கு ஆடும் வாழ்க்கை. மற்றது, விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்க்கார் உத்தியோகம்.

கிளப் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். நாட்டின் முதல்தரப் போட்டியான ஐ.எஸ்.எல்.லில் 14 கிளப்புகள். கிளப்புக்கு முப்பது பேர் என்றாலும் மொத்தம் 420 இடம். அதிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குப் போனது போக மிச்சம்தான் 140 கோடி ஜனங்களின் பிள்ளைகளுக்கு. அந்த மிச்சமாவது உறுதியான வேலையா? 2025 ஜூலையில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்திய கம்பெனிக்கும் இடையே இருந்த வியாபார ஒப்பந்தம் முடியப் போகிறது, புதுப்பிக்கவில்லை என்ற காரணத்தால் போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தின. செப்டம்பர் வாக்கில் தொடங்கி வந்த பந்தயம் 2026 பிப்ரவரியில்தான், அதுவும் சுருக்கப்பட்டுத் தொடங்கியது. ஆலை முதலாளி கதவடைப்புச் செய்தால் தொழிலாளி எப்படித் தெருவில் நிற்பானோ அப்படித்தான் தேசத்தின் பேர்பெற்ற ஆட்டக்காரனும் நின்றான். அவன் கதியே இதுவென்றால், பதினாலு வயதுப் பையனுக்கு அந்த வேலையைக் காட்டிப் பணம் வாங்குவதற்கு என்ன பேர் வைப்பது?

சர்க்கார் உத்தியோகம் என்கிறார்களே, அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இது பொய்யல்ல. மத்திய சர்க்காரின் 'சி' பிரிவு நேரடி நியமனத்தில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்ப விதி இருக்கிறது. பக்கத்துத் தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு 2018இல் 2 சதவீதத்திலிருந்து 3 ஆக உயர்ந்தது. ஆனால் யார் வீரர்? மத்திய விதி தெளிவாகச் சொல்கிறது: தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் மாநிலத்துக்கோ நாட்டுக்கோ ஆடியவர், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளி அணிக்கு ஆடியவர். அங்கீகாரம் பெற்ற சம்மேளனமோ, பல்கலைக்கழகமோ, கல்வித்துறையோ கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். தனியார் அகாடமி தங்கநிற எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு அந்த விதியில் இடமே இல்லை. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். விண்ணப்பத்தோடு இணைக்க முடியாது.

ஆகவே தோழர்களே, கதவு இருப்பது பள்ளிக்கூட அணியிலும், கல்லூரி அணியிலும், மாநிலச் சங்கத்தின் தேர்விலும். பணம் கேட்பவர் நிற்பதோ அந்தக் கதவுக்கு வெளியே தெருவில்.

சரி, கதவுக்கு உள்ளேயே பணம் நுழைந்துவிட்டால்? அதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கால்பந்தில் அல்ல, கிரிக்கெட்டில். 2018-19 முதல் புதுச்சேரி ரஞ்சி கோப்பையில் தனி அணியாக ஆடுகிறது. நம் பிள்ளைகளுக்கு வழி திறந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். 2025 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேடு ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. வெளியூர் ஆட்டக்காரர்கள் லட்சத்துக்கு மேல் பணம் கொடுத்து, முன்தேதியிட்ட கல்லூரிச் சேர்க்கை, உள்ளூர் முகவரி எல்லாம் தயார்செய்துகொண்டு 'உள்ளூர்' வீரர்களாகிறார்கள் என்றும், 2021க்குப் பிறகு ஆடிய 29 ரஞ்சி ஆட்டங்களில் புதுச்சேரியில் பிறந்தவர் ஐந்தே பேர் என்றும் அது எழுதியது. குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல; விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். ஆனால் 29 ஆட்டம், ஐந்து பேர் என்ற கணக்கு ஒன்றே போதும். இடத்துக்கு விலை வைத்தால் அதிக விலை கொடுக்கிறவன் வருவான். மூலகுளத்துப் பையனும் கதிர்காமத்துப் பையனும் வேலிக்கு வெளியே நின்று கை தட்டுவார்கள்.

ஐரோப்பாவுக்கே அனுப்புகிறோம் என்று சொல்லும் தரகர்களும் உண்டு. போர்ச்சுகலில் 2023 ஜூனில் ஒரு கால்பந்து அகாடமியில் அந்நாட்டுக் குடிவரவு அதிகாரிகள் சோதனை போட்டபோது 47 ஆட்டக்காரர்கள் அகப்பட்டார்கள். அவர்களில் 36 பேர் சிறுவர்கள். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று ஏழை நாடுகளிலிருந்து வந்தவர்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அடைத்து வைத்திருந்ததாக வழக்கு. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டைத் தெரிந்த நமக்கு இந்த வித்தை புதிதல்ல.

பணம் கட்டாத ஏழைப் பிள்ளை முன்னுக்கு வந்ததே இல்லையா? வந்திருக்கிறது, வெகு தூரத்தில் அல்ல. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடலூர். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே பெற்றோரை இழந்த சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டு பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். அந்த இந்திரா காந்தி விளையாட்டு அகாடமியில் ஆடி வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாட்டுப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டரானார். தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018இலும் 2023இலும் வென்றது. முதல் தடவை தோற்கடித்தது மணிப்பூரை! கால்பந்தில் மணிப்பூர்ப் பெண்களைத் தோற்கடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல என்பது ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வடசென்னை வியாசர்பாடியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கென்று 1997இல் ஒரு சங்கம் தொடங்கி, பந்தும் பாடமும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வியாசர்பாடி மண்ணில் வளர்ந்தவர்தான் சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆடிய தனபால் கணேஷ். டாட்டா கம்பெனியைப் புகழ்வது நம் வழக்கமல்ல; ஆனாலும் ஜாம்ஷெட்பூரில் 1987 முதல் அது நடத்திவரும் அகாடமி, தேர்வு வைத்துப் பையன்களை எடுத்துச் செலவையும் தானே ஏற்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திறமை வேண்டுமென்கிறவன் பணம் கொடுக்கிறான். பணம் வேண்டுமென்கிறவன் கட்டணம் வாங்குகிறான். இந்த வித்தியாசத்தை நம் தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் உறவினர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். உலகக் கோப்பை வென்ற கிலியன் எம்பாப்பே பாரிசுக்கு வெளியே போந்தி என்ற உழைப்பாளர் ஊரில் வளர்ந்தவர். அவர் சிறுவயதில் ஆடிய ஊர் கிளப்பின் மைதானத்துக்கு லியோ லக்ராஞ்ச் என்று பெயர். யார் இந்த லக்ராஞ்ச்? 1936இல் பிரான்சில் மக்கள் முன்னணி சர்க்கார் வந்தபோது விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பேற்ற துணை மந்திரி. உழைப்பவனுக்கும் ஓய்வு நேரம் உண்டு, அந்த நேரத்தில் ஆட அவனுக்கு மைதானமும் வேண்டும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட காலம் அது. அதே 1936 ஜூலை 30இல்தான் இங்கே சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீசின் குண்டுக்குப் 12 தொழிலாளர்கள் பலியானார்கள். மறு வருஷம் ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆலையிலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பியவன்தான் பந்தைக் கையில் எடுக்க முடிந்தது. அந்த மாலைப் பொழுது ரத்தம் கொடுத்து வாங்கியது. அதை மாதக் கட்டணத்துக்கு நமக்கே திருப்பி விற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் விலை வைத்த அமெரிக்காவிலோ, சிறுவர் கால்பந்து என்றாலே வசதியுள்ளவன் பிள்ளை ஆடுவது என்றாகிவிட்டது. 2017 அக்டோபரில் சின்னஞ்சிறு டிரினிடாட்டிடம் 2-1 என்று தோற்று, 2018 உலகக் கோப்பைக்கே போக முடியாமல் நின்றபோது, ஏழைப் பிள்ளையை வாசலிலேயே தடுக்கும் இந்தக் கட்டண முறைதான் காரணம் என்று அந்நாட்டிலேயே பலரும் பேசினார்கள்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயமாகும். அகாடமிகளில் பயிற்சி கொடுக்கும் இளைஞர்கள் நம் விரோதிகளல்ல. அவர்களில் பலர் ஆடி முடித்து, வேலை கிடைக்காமல், தெரிந்த வித்தையை வைத்துப் பிழைப்பவர்கள். வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவனுக்குக் கூலி வேண்டும்தான். அந்தக் கூலியைச் சர்க்கார் கொடுக்கட்டும் என்பதே நம் வாதம். பையன் சும்மா தெருவில் சுற்றாமல் சாயங்காலம் ஓடியாடட்டும், அதற்கு மாதம் இருநூறு முந்நூறு கொடுக்க முடியும் என்றால் கொடுங்கள். ஓடின உடம்பு வீணல்ல. கடன் வாங்கியோ, நகையை வைத்தோ, தங்கையின் பள்ளிச் செலவை நிறுத்தியோ கட்டாதீர்கள். மேலே சொன்ன இரண்டு பண்டமும் அந்தக் கடையில் இல்லை.

கேட்க வேண்டிய இடம் வேறு. உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டு மைதானம் இருக்கிறது. லாஸ்பேட்டையில் ஹெலிபேட் மைதானம் இருக்கிறது. மண் நம்முடையது, வரி நம்முடையது. அங்கே தினமும் மாலையில் சம்பளம் பெறும் சர்க்கார் பயிற்சியாளர் கட்டணமில்லாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் உடற்பயிற்சி ஆசிரியர் வேண்டும். அவரை வேறு வேலைக்கு ஓட்டாமல் மைதானத்தில் விட வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும், உடை மாற்ற மறைவான அறையும் வேண்டும். மாநில அணித் தேர்வின் தேதியும் இடமும் பத்து நாள் முன்பே ஒவ்வொரு பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். தேர்வானவர் பெயரும் பிறந்த ஊரும் அப்படியே. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023இல் புதுச்சேரிக்குச் சும்மா வந்துவிடவில்லை. கேட்டோம், விடாமல் கேட்டோம், வந்தது.

அதுவரைக்கும், எந்த அகாடமியிலாவது பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். மாநிலச் சங்கம் நடத்தும் போட்டிகளில் இந்த அகாடமி ஆடுகிறதா? பையன் பெயர் அகில இந்திய சம்மேளனத்தின் பதிவில் ஏறுமா? உங்களிடம் படித்தவர்களில் பள்ளி, பல்கலைக்கழக, மாநில அணிக்கு ஆடியவர் யார் யார், எந்த வருஷம்? நடுவில் நின்றுவிட்டால் கட்டிய பணம் திரும்புமா? பதிலைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். எழுத மறுத்தால் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மறுநாள் அவன் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரிடம் போய், பள்ளி அணித் தேர்வு என்றைக்கு என்று விசாரியுங்கள்.