மெள்ள ஓடி ஜயிப்பது

சிவகங்கைச் சீமையில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திராத நேயர்கள் ஒரு முறையாவது காரைக்குடிப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும். பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று அதில் பிரிவுகள் உண்டு. சர்க்காரார் மைல்கற்களையெல்லாம் கிலோமீட்டர் கற்களாக மாற்றி எத்தனையோ வருஷங்கள் ஆகியும், பந்தயத் தூரம் மட்டும் இன்னும் மைல் கணக்கிலேயே பேசப்படுகிறது. குறித்த எல்லை வரை போய்த் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும். முதலில் வந்த வண்டிக்கு முதல் பரிசு. போகும்போது மாட்டை அடக்கிப் பிடித்து, பிறர் கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டே பின்னால் வந்து, திரும்புகாலில் கயிற்றைத் தளர்த்தி முந்துகிற சாரதியை ஊரார் மெச்சத்தான் செய்கிறார்கள். "போன வருஷத்து வண்டி இதைவிட இரண்டு நிமிஷம் முன்னால் வந்ததே!" என்று யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. கடிகாரத்தைப் பார்க்க அங்கே எவருக்கும் அவகாசம் கிடையாது.

மாட்டுக்குக் காட்டும் இந்த நியாயத்தை மனிதனுக்குக் காட்ட மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தோம். 1500 மீட்டர் ஓட்டம். பதினோராம் வகுப்புப் பையன்கள் பத்துப் பேர் ஓடினார்கள். ஓடினார்கள் என்பது கூடச் சற்று உபசாரமான வார்த்தைதான். மூன்று சுற்று வரையில் ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போல் ஒரே கூட்டமாக வந்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசி 200 மீட்டரில் ஒல்லியான பையன் ஒருவன் வெளிப்புறமாகப் பாய்ந்து அத்தனை பேரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டான். நேரத்தைக் குறித்த பெரியவர் ஒலிபெருக்கியில் அதை வாசித்துவிட்டு, "இந்த நேரத்துக்குப் பரிசு கொடுக்க வெட்கமாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். பையன் மெடலைக் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் கையில் சுருட்டிக்கொண்டு நம்மிடம் வந்தான். "சார், நான் ஜெயிச்சது தப்பா சார்?" என்று கேட்டான்.

நாம் ஓட்டக்காரர் அல்ல. கடைசியாக நாம் ஓடியது திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடிப்பதற்காக. அதிலும் பஸ்தான் ஜயித்தது. ஆகவே அன்று அவன் முதுகில் தட்டிக் கொடுத்ததோடு சரி. சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறோம்.

2016-ஆம் வருஷம் ரியோ நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில், ஆண்களுக்கான 1500 மீட்டரில் அமெரிக்கரான மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் தங்கப் பதக்கம் பெற்றார். அவருக்கு ஆன நேரம் 3 நிமிஷம் 50 விநாடி. 1932-ஆம் வருஷத்துக்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் இவ்வளவு மெதுவாக எவரும் ஜயித்ததில்லை. முதல் சுற்றுக்கு 66 விநாடிக்கு மேல் ஆயிற்று. நமது பள்ளிப் பையன்களில் நல்ல ஓட்டக்காரன் ஒருவன் அந்த ஒரு சுற்று மட்டும் அவர்களோடு கூடவே போயிருக்கலாம். போதாக்குறைக்கு, அதே ரியோவில் சில வாரங்கள் கழித்து நடந்த பாராலிம்பிக் பந்தயத்தில், பார்வைக் குறைவுள்ளோர் பிரிவில் முதல் நான்கு பேரும் சென்ட்ரோவிட்ஸைவிடக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தார்கள். உலகம் முழுவதும் பத்திரிகைகளுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போய்விட்டது.

ஆனால் அந்தப் பந்தயத்தின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். கடைசிச் சுற்றை சென்ட்ரோவிட்ஸ் 51 விநாடிக்குள் ஓடினார். அவருக்குப் பின்னால் வந்தவர் சாமானியரல்ல. முந்திய ஒலிம்பிக்கில் அதே தூரத்தில் தங்கம் பெற்ற அல்ஜீரியரான மக்லூஃபி. ஆறாவதாக வந்த கெனியாவின் கிப்ரோப் அதற்கு முந்திய வருஷம் 3 நிமிஷம் 26.69 விநாடியில் ஓடியவர். இவர்களை யாரும் கட்டிப்போடவில்லை. வேகமாக ஓடினால் தமக்கு நல்லது என்று நினைத்திருந்தால் முன்னால் போயிருக்கலாம். சென்ட்ரோவிட்ஸ் பெரும்பாலும் தாமே முன்னால் நின்று, உள்கோட்டை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காமல், வேகத்தைத் தம் கைப்பிடிக்குள்ளேயே வைத்திருந்தார். மற்றவர்கள் அதற்குச் சம்மதித்தார்கள். சம்மதித்ததன் விலையைக் கடைசிச் சுற்றில் கொடுத்தார்கள்.

ஏன் சம்மதிக்கிறார்கள் என்று கேட்கலாம். முன்னால் ஓடுகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடவேண்டும். பின்னால் வருகிறவனுக்கு அந்தச் சிரமம் குறைவு. ஆகையால் முன்னே போகிறவன் தன் பலத்தைச் செலவழித்துப் பிறருக்கு வழி செய்து கொடுக்கிறான். உலக சாதனைக்கென்று ஏற்பாடு செய்யும் பந்தயங்களில் இந்த வேலையைச் செய்வதற்கென்றே சிலரை அமர்த்துகிறார்கள். அவர்கள் பாதித் தூரம் வரை குறித்த வேகத்தில் முன்னே ஓடிவிட்டு விலகிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் இவர்களுக்கு 'முயல்' என்று பெயர். நம் பாட்டி சொன்ன கதையிலும் முயல் ஜயிக்கவில்லை அல்லவா? 1954-ஆம் வருஷம் ராஜர் பானிஸ்டர் 4 நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிக் காட்டினாரே, அந்தப் புகழ் பெற்ற ஓட்டத்தில் கூட பிராஷர், சாட்டவே என்ற இரண்டு நண்பர்கள் முறை வைத்து அவருக்கு முன்னால் ஓடினார்கள். ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் இந்த உதவி கிடையாது. பக்கத்தில் ஓடுகிற பதினொரு பேரும் விரோதிகள்.

எதியோப்பியா தேசத்துக் கென்ஸெபே திபாபா என்னும் பெண்மணி 2015 ஜூலையில் மொனாக்கோவில் 1500 மீட்டரை 3 நிமிஷம் 50.07 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அங்கே முன்னால் ஓடி வேகம் காட்ட ஆள் இருந்தது. ஆறு வாரத்துக்குள் பீக்கிங்கில் உலகப் போட்டி. அங்கேயும் அவரே முதல். ஆனால் ஆன நேரமோ 4 நிமிஷம் 8.09 விநாடி. 18 விநாடி அதிகம். அதற்குள் அவருடைய கால்கள் கெட்டுப்போய்விட்டனவா? கடைசி 800 மீட்டரை அன்று அவர் 2 நிமிஷத்துக்குள் ஓடினார். இந்த 4 நிமிஷம் 8.09 விநாடியை நேயர்கள் தயவு செய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

நம்முடன் வேலை பார்க்கும் கணித ஆசிரியர் ஒருவர் இதையெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. "எல்லோரும் மெதுவாகப் போனால் திறமை குறைந்தவனும் கடைசி வரையில் கூடவே வந்துவிடுகிறான். அப்புறம் யார் கால் தடுக்குகிறது, யார் கூட்டத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறான் என்ற அதிருஷ்ட விஷயமாகிவிடுகிறது" என்கிறார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஓட்டக்காரர்களில் ஒரு சக்கரவர்த்தி என்று சொல்லத்தக்க மொராக்கோவின் எல் கெரூஜ், 1996-ஆம் வருஷத்து ஒலிம்பிக்கில் கடைசிச் சுற்று தொடங்கும் சமயத்தில் இடறி விழுந்து, கடைசியாக வந்து சேர்ந்தார். கூட்டமாக ஓடுவதில் இப்படியும் நேரும். ஆனால் அந்தக் கூட்டம் பிடிக்காதவனுக்கு ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. 1974-ல் கிரைஸ்ட்சர்ச்சில் தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி யாரையும் எதிர்பாராமல் ஆரம்பத்திலேயே முன்னால் பாய்ந்து, கடைசி வரை பிடிகொடுக்காமல் ஓடி, 3 நிமிஷம் 32.2 விநாடியில் உலக சாதனையோடு ஜயித்தார். அந்தத் தைரியம் இல்லாதவர்கள் பிறகு 'மெதுவாகப் போய்விட்டது' என்று குறை சொல்லுவானேன்?

நமது தேசத்துக்கு வருவோம். கேரளத்தைச் சேர்ந்த ஜின்ஸன் ஜான்ஸன் 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 1500 மீட்டரை 3 நிமிஷம் 37.86 விநாடியில் ஓடினார். அது அப்போது இந்திய தேசிய சாதனை. அவருக்குக் கிடைத்ததோ ஐந்தாவது இடம். அதே வருஷம் ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி. அங்கே அவர் ஓடிய நேரம் 3 நிமிஷம் 44.72 விநாடி; கிட்டத்தட்ட 7 விநாடி மந்தம். கிடைத்தது தங்கம். அந்த மனிதரிடம் போய், எந்த ஓட்டத்தை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள் என்று கேட்டால், 'இரண்டையும்' என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறோம். அதே ஜகார்த்தாவில் 800 மீட்டரில் அவருக்கு நேர்ந்ததும் விசித்திரம். தேசிய சாதனை அவருடையது. தங்கப் பதக்கமோ ஹரியானாவின் மஞ்சித் சிங்குக்குப் போயிற்று. மஞ்சித் கடைசி நேரத்தில் பாய்ந்து முந்தினார்; அந்த நேரம் ஜின்ஸனுடைய சாதனைக்கு அரை விநாடி குறைவான தரந்தான். அதற்காக அந்தப் பதக்கத்தில் யாரும் பொன்னைக் குறைத்து உருக்கவில்லை.

இவை சந்தோஷமான கதைகள். சந்தோஷமில்லாத கதை ஒன்று இருக்கிறது. பி. யு. சித்ரா என்னும் பெண், நமக்கு அடுத்த பாலக்காட்டுச் சீமையில் முண்டூரைச் சேர்ந்தவர். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. இந்தியா முதன்முறையாகப் பதக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றுத் தேசமே பூரித்த சமயம் அது. பெண்களுக்கான 1500 மீட்டரில் சித்ரா தங்கம் பெற்றார். நேரம் 4 நிமிஷம் 17.92 விநாடி. சர்வதேச சம்மேளனத்தின் விதிப்படி, கண்டத்துச் சாம்பியனாக வந்தவர் நேர அளவை எட்டாவிட்டாலும் அடுத்த மாதம் லண்டனில் நடக்கும் உலகப் போட்டியில் ஓடத் தகுதி பெற்றவரே. ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்ற கடைசி வார்த்தை அந்தந்த தேசத்துச் சம்மேளனத்துக்கு. நமது சம்மேளனத்தார் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். ஆண்கள் 1500 மீட்டரில் தங்கம் பெற்ற அஜய் குமார் சரோஜுக்கும் அதே கதிதான்.

சம்மேளனத்தார் சொன்ன காரணம் அற்பமானதல்ல. லண்டனுக்குக் குறித்திருந்த அளவு 4 நிமிஷம் 7.50 விநாடி. சித்ரா அதற்கு 10 விநாடிக்கு மேல் பின்தங்கியிருந்தார். பொதுப்பணத்தில் அனுப்புகிறவர்கள் முதல் சுற்றிலேயே திரும்பி வரக்கூடியவரை அனுப்பத் தயங்குவது இயற்கை. ஆனால் நினைவில் வைத்திருக்கச் சொன்னோமே, பீக்கிங்கில் திபாபா உலக சாம்பியன் ஆன நேரம் 4 நிமிஷம் 8.09 விநாடி. அதற்கு அடுத்த வருஷம் ரியோ ஒலிம்பிக்கில் கெனியாவின் ஃபெய்த் கிப்யெகோன் தங்கம் பெற்ற நேரம் 4 நிமிஷம் 8.92 விநாடி. இந்த இரண்டு ஓட்டங்களை மட்டும் காட்டி லண்டனுக்கு இடம் கேட்டிருந்தால் இருவருக்குமே வாசற்கதவு திறந்திராது! பிற்காலத்தில் 3 நிமிஷம் 50 விநாடிக்குள் இந்தத் தூரத்தை ஓடிய முதல் பெண்மணி அந்தக் கிப்யெகோன்தான். திபாபாவிடமும் அவரிடமும் காட்டுவதற்கு வேறு வேகமான ஓட்டங்கள் இருந்தன என்பது மெய். சித்ராவிடம் இல்லை. ஏன் இல்லை? வேகமாக ஓடும் பெண்கள் ஓடுகிற இடத்துக்கு அனுப்பினால் அல்லவா வேகமான நேரம் கிடைக்கும்? நீச்சல் தெரிந்த பிறகுதான் ஊருணியில் இறங்கவேண்டும் என்கிற கதையாக இருக்கிறது.

சித்ரா கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். அவரை அனுப்ப வேண்டும் என்று ஜூலைக் கடைசியில் கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்குள் பெயர் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்று சர்வதேச சம்மேளனம் கையை விரித்துவிட்டது. ஓட்டத்தில் எல்லோரையும் முந்தியவர் கடிதப் போக்குவரத்தில் பிந்திவிட்டார்.

இவ்வளவும் சொன்னதனால், வேகமாக ஓடித் தோற்றவர்களை நாம் மறந்துவிட்டதாக நேயர்கள் நினைக்கக்கூடாது. 1976-ல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் நமது ஸ்ரீராம் சிங் முதல் சுற்றை எல்லோருக்கும் முன்னால் 50.85 விநாடியில் ஓடினார். அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு கியூபாவின் ஹுவான்டொரீனா உலக சாதனையோடு தங்கம் பெற்றார். ஸ்ரீராம் சிங்குக்கு ஏழாவது இடம். ஆயினும் அன்று அவர் ஓடிய 1 நிமிஷம் 45.77 விநாடியை இந்தியாவில் யாராலும் 42 வருஷம் நெருங்கித் தாண்ட முடியவில்லை. 2018-ல் ஜின்ஸன் ஜான்ஸன்தான் தாண்டினார். அவருக்கு வேறு ஓர் ஆசனம் போடவேண்டியதுதான். அதற்காகச் சித்ராவின் ஆசனத்தை இழுத்துப் போடுவது எந்த ஊர் வழக்கம்?

அந்தப் பையன் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. மறுபடியும் மைதானத்துக்கு வந்துகொண்டிருக்கிறான். சென்ற வாரம் அவனிடம் சித்ராவின் கதையைச் சொன்னோம். "அப்புறம் அவங்க ஓடவே இல்லையா சார்?" என்றான். ஓடினார். 2018 ஜகார்த்தாவில் வெண்கலம். 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியப் போட்டியில் மறுபடியும் தங்கம். அப்போதும் நேரம் 4 நிமிஷம் 14.56 விநாடிதான். ஆனால் இந்தத் தடவை உலகப் போட்டிக்கு அவரை அனுப்பினார்கள். அதுவும் தோஹாவில்தான், அக்டோபர் மாதத்தில் நடந்தது. சித்ரா முதல் சுற்றைத் தாண்டவில்லை. அன்று அவர் ஓடிய நேரம் 4 நிமிஷம் 11.10 விநாடி. அதுவரையில் அவர் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.