மினுக்கும் தாளும் மங்கும் சான்றும்

பளபளப்பு வேறு, நிலைபேறு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இன்று நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. பாட்டனாரின் புகைப்படம், நிக்காஹ் பதிவேட்டின் படி, அரபுத் தமிழ் ஏடு ஆகியவற்றைக் கணினியில் ஏற்றுகிறோம். பளபளப்புத் தாளில் அச்சிடுகிறோம். இனிக் கவலையில்லை என்று மூலத்தைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிடுகிறோம். இது சிக்கனமன்று, நம் சான்றுகளை நாமே அழிப்பதாகும்.

அத்தாளின் இயல்பை அறிந்தவர் இதற்குத் துணியார். அதன் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்காவின் நுண்துகள்கள் ஒருவகைப் பசையுடன் பூசப்பட்டுள்ளன. துகள்களின் இடையே எண்ணற்ற நுண்துளைகள். மை விழுந்தவுடன் அவை அதனை உறிஞ்சிக்கொள்கின்றன. படம் உடனே உலர்ந்துவிடுகிறது. துகள்கள் ஒளியலையின் நீளத்தைவிடச் சிறியவையாதலால் ஒளி சிதறுவதில்லை, மினுமினுப்பும் குன்றுவதில்லை. வியக்கத்தக்க நுட்பமே! ஆயினும், மைக்குத் திறந்த வாயில் காற்றுக்கு மட்டும் அடைபடுமா? காற்றிலுள்ள ஓசோன் அத்துளைகளின் வழியே நுழைந்து சாயத்தைச் சிதைக்கிறது. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 அச்சுப்பொறிகளில் எடுத்த படங்கள் சிலரிடம் சில வாரங்களிலேயே செம்மஞ்சளாகத் திரிந்ததை உலகம் கண்டது.

“உறையிலேயே ஆண்டுக்கணக்குப் போட்டிருக்கிறதே!” என்பர் சிலர். அது பெரும்பாலும் கண்ணாடிச் சட்டத்திற்குள் வைத்து, ஒளியைக் கொண்டு சோதித்த கணக்கு. நம் கூடத்துச் சுவரிலோ கண்ணாடியுமில்லை, காற்றுக்குத் தடையுமில்லை.

கடலோரத்திலுள்ள கீழ்புத்துப்பட்டை எண்ணிப் பாருங்கள். கடற்காற்றின் ஈரம் ஓயாத இடம் அது. ஈரம் மிகுந்தால் சாயமை தாளுக்குள்ளேயே கசிந்து பரவும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. கடல் கடந்து வந்த குடும்பத்திற்குப் பிறப்புச் சான்றும் பழைய படமும் அலங்காரப் பொருள்களா? தாம் யார், எவ்வூரார் என்பதற்கு அவையல்லவா சாட்சி! பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய முன்னோரைக் கொண்ட நம் குடும்பங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

பழைய கல்லச்சு நூல்களைப் பாருங்கள். தாள் பழுத்து நொறுங்குகிறது; எழுத்தோ கறுப்பு மாறாமல் நிற்கிறது. காரணம், அந்த மையிலுள்ள கரி. கரைந்து நிற்கும் சாயத்தைவிடத் துகளாய் நிற்கும் நிறமி உறுதியானது. அந்நிறமி மையில் அச்சிடும் பொறிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன.

ஆகவே, படியெடுப்பதை வேண்டாம் என்பாரில்லை. நிறமி மையில் எடுங்கள். கண்ணாடிச் சட்டத்திலோ மூடிய உறையிலோ காத்திடுங்கள். கணினிப் பதிவை ஈரிடங்களில் வையுங்கள். மூலத்தை மட்டும் எறியாதீர்கள். மங்கிய படியை மீண்டும் எடுக்கலாம். எறிந்த மூலத்தை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?