அதிவேக பஸ்ஸில் ஓர் ஆசனம்

நீர்கொழும்பிலிருந்து புறக்கோட்டைக்கு வேலைக்குப் போய்வரும் எனக்கு இரண்டு வழிகள் உண்டு. ஜா-எல, கந்தானை, வத்தளை என்று நின்று நின்று போகும் 240ஆம் இலக்க பஸ் ஒன்று. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையால் போவது மற்றையது. அதற்குக் கட்டணம் கூட.

யுத்த காலத்தில் 240இலிருந்து எத்தனை தடவை அடையாள அட்டையோடு இறங்கி வரிசையில் நின்றிருப்பேன்! 2009க்குப் பிறகு அந்தப் பயம் போனது. நெரிசலில் உரசும் கைகள் போகவில்லை. இலங்கைப் பெண்களில் நூற்றுக்கு 90 பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ இந்தத் தொல்லையை அனுபவித்ததாக ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. எனக்கு அது புதினமாக இருக்கவில்லை.

அதிவேக பஸ்ஸில் நின்று பயணிக்க அனுமதி இல்லை. ஆளுக்கோர் ஆசனம். மேலதிகக் காசு கொடுப்பது அதற்காகத்தான். ஆனால் மாதக் கடைசியில் மகளின் டியூஷன் காசு இடிக்கிறதே! அதனால் காலையில் 240. இருட்டியபின் வீடு திரும்ப மட்டும் அதிவேக பஸ். கைப்பையில் ஓர் ஊக்கும், தொலைபேசியில் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் எப்போதும் இருக்கும்.

போன கிழமை காலை ஊக்குக்கு வேலை வந்தது. பக்கத்தில் நின்ற சிங்கள அக்கா எனக்காகச் சத்தம் போட்டார். நடத்துநர் அவனை வத்தளையில் இறக்கிவிட்டார்.